லேப்டாப் கீ வேலை செய்யவில்லையா? முதலில் எந்தெந்த கீ என்று எழுதுங்கள்

"கீபோர்டு போயிடுச்சு, மாத்திடுங்க" என்றுதான் பெரும்பாலும் லேப்டாப்பை நீட்டுகிறார்கள். சர்வீஸ் கடை நடத்துகிற எனக்கு அது லாபம்தான். ஆனாலும் முதலில் ஒரு தாளைக் கொடுத்து, எந்தெந்த கீ அடிக்கவில்லை என்று எழுதச் சொல்வேன். பாதி கோளாறு அதிலேயே பிடிபட்டுவிடும்.

'யு', 'ஐ', 'ஓ' அழுத்தினால் 4, 5, 6 வருகிறதா? 'ஜே', 'கே', 'எல்' போட்டால் 1, 2, 3? அது நம்லாக், எழுத்து கீயை எண் கீயாக்கும் பொத்தான், ஆன் ஆகியிருப்பதால். தனி எண் பகுதி இல்லாத சில சின்ன லேப்டாப்களில் இது நடக்கும். நம்லாக்கை அணைத்தால் போதும். சில மாடல்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். இதற்குக் காசு வாங்க எனக்கு மனசு வராது.

எல்லா கீயும் தட்டினால் வராமல், கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் மட்டும் வந்தால் ஃபில்டர் கீஸ் ஆன் ஆகியிருக்கும். சட்டென்று தட்டுவதைக் கணக்கில் எடுக்காத விண்டோஸ் வசதி அது. விண்டோஸில் வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தாலே அது தலைகாட்டும். யோசித்துக்கொண்டே ஷிஃப்டில் விரலை ஊன்றுபவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை இது. செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, கீபோர்டு என்று போய் அணைத்துவிடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால், விண்டோஸ், கன்ட்ரோல், 'ஓ' மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் ஒரு கீபோர்டு வரும். நீங்கள் அழுத்தும் கீ அதில் நிறம் மாறினால், அந்த கீ உயிரோடு இருக்கிறது. மாறவில்லையா? விண்டோஸுக்கு வெளியே ஒருமுறை சோதிக்க வேண்டும். எச்பி மெஷினில் ஆன் செய்ததும் எஸ்கேப், பிறகு எஃப்2 அழுத்தினால் வரும் டயக்னாஸ்டிக்ஸில் கீபோர்டு டெஸ்ட் உண்டு. மற்றவற்றில், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற வேறு சிஸ்டம் ஏற்றிய பென் டிரைவிலிருந்து மெஷினை ஆன் செய்து பார்க்கலாம். அங்கே எல்லாம் ஒழுங்காக அடித்தால் குற்றவாளி விண்டோஸ்தான். டிவைஸ் மேனேஜரில் கீபோர்டை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிரைவர் தானே திரும்ப ஏறிக்கொள்ளும்.

அங்கேயும் அடிக்கவில்லை என்றால் தாளைத் திரும்ப எடுங்கள். கீபோர்டின் அடியில் ஒவ்வொரு கீக்கும் தனி ஒயர் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய தடங்கள் ஓடும். அவை சந்திக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு கீ. ஒரு தடம் அறுந்தால் அதில் இருக்கும் எல்லா கீயும் ஒன்றாகப் படுத்துவிடும். அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. இப்படி நாலைந்து ஒரே நாளில் போயிருந்தால், துடைத்துப் பயனில்லை. கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் கழன்றிருக்கலாம், அல்லது கீபோர்டே மாற்ற வேண்டியிருக்கலாம்.

ஒரே ஒரு கீ மட்டும் மக்கர் செய்தால் பெரும்பாலும் அழுக்குதான். முறுக்குத் தூள், முடி, நம்ம ஊரில் எறும்பும் உண்டு. தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு அமைப்பில் தட்டுபவர்களுக்கு மெய்யெழுத்துப் புள்ளி 'எஃப்' கீயில் இருப்பதால் அது மற்றதைவிடச் சீக்கிரம் தேயும். அழுக்கில்லாமலே தளர்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்து, காற்று அடைத்த ஸ்ப்ரே கேனால் இடமும் வலமுமாகக் காற்று அடியுங்கள். பிறகு பக்கவாட்டில் திருப்பி மறுபடி. கேனைச் சாய்க்காதீர்கள், உள்ளே திரவம் தெறிக்கும்.

அதிலும் சரியாகாவிட்டால் கீ மூடியை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்கலாம். அடியில் கத்தரி மாதிரி இரண்டு பிளாஸ்டிக் துண்டும், நடுவில் ஒரு ரப்பர் குமிழும் இருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் சுற்றித் துடைத்து, காய்ந்ததும் மூடியை அழுத்தி மாட்டுங்கள். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் மூன்றையும் வீட்டில் கழற்ற வேண்டாம். அவற்றில் பல மாடல்களில் கம்பி ஒன்று இருக்கும். வளைந்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நிற்கும். 2015 முதல் 2019 வரை வந்த மேக்புக்குகளின் பட்டர்ஃபிளை கீபோர்டிலும் கையை வைக்காதீர்கள், மூடி எளிதில் உடைந்துவிடும். அந்தக் கீபோர்டில் கீ ஒட்டுகிறது, எழுத்து வரவில்லை, இரண்டு முறை வருகிறது என்ற புகார்கள் பரவலாக இருந்ததால்தான் 2018இல் ஆப்பிளே இலவச சர்வீஸ் திட்டம் அறிவித்தது.

டீ கொட்டினால் உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். அரிசிப் பானைக்குள் போடுவதில் பயனில்லை. ஹேர் டிரையர் சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாள் நெளியும். பால் டீ என்றால் காய்ந்த பிறகு ஆன் ஆனாலும் உள்ளே சர்க்கரை ஒட்டியிருக்கும், திறந்து சுத்தம் செய்துதான் ஆக வேண்டும்.

கீபோர்டு நடுவில் உப்பி, டச்பேட் மேலே வந்திருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். பேட்டரி வீங்கியிருக்கிறது. அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், அழுத்தாமல் கடைக்கு எடுத்துப் போங்கள்.

மாற்றும் செலவு மாடலைப் பொறுத்தது. இப்போது வரும் பல மாடல்களில் கீபோர்டை மேல் பேனலோடு பிளாஸ்டிக் உருக்கி ஒட்டியிருப்பார்கள். அதை மட்டும் மாற்றலாமா, பேனலோடு சேர்த்தா என்று விலை பேசும்போதே கேளுங்கள்.

அதுவரை யுஎஸ்பி கீபோர்டு செருகி ஓட்டலாம். கீ ஒன்று அழுந்தியே நிற்கிறது என்றால் மட்டும் அது போதாது. திரை முழுக்க அதே எழுத்து ஓடும். அப்போது மைக்ரோசாஃப்ட் தரும் பவர்டாய்ஸ் என்ற மென்பொருளில் கீபோர்டு மேனேஜரைத் திறந்து அந்த கீயை முடக்கிவிடுங்கள். அடிக்காத 'ஏ'க்குப் பதிலாக வலது கன்ட்ரோலை 'ஏ' ஆக்குவதும் அதே இடத்தில்தான். ஆனால் லாகின் திரையில் இந்த மாற்றம் செல்லாது. பாஸ்வேர்டில் 'ஏ' இருந்தால், கீழ் மூலையிலுள்ள அக்ஸசிபிலிட்டி ஐகானைச் சொடுக்கித் திரைக் கீபோர்டில் அடியுங்கள்.