வாரம் ஒரு ஊசி: எடை குறைக்கப் போட்டுக்கொள்பவர்கள் செய்யும் தவறுகள்

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் பல வருடமாகச் சுகர், கூடவே உடல் பருமன். டாக்டர் மவுஞ்சாரோ என்ற வார ஊசியை எழுதிக் கொடுத்ததும், மருந்து அடைத்து வரும் பேனா போன்ற முதல் ஊசியை (பேனா என்றே சொல்வோம்) வாங்கிக்கொண்டு போய் அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தது நான்தான். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் அது. நன்றாகக் குளிரட்டும் என்று ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே வைத்தேன். மறுநாள் பார்த்தால் மருந்து உறைந்து கிடந்தது. ஒருமுறை உறைந்த மருந்தைப் போடவே கூடாது. உருகிய பிறகு பழையபடி தெளிவாகத் தெரிந்தாலும் அதன் வேலை போயிருக்கும். ஒரு மாத மருந்து, அவ்வளவு பணம், குப்பைக்குப் போனது.

இந்த ஊசிகள் இருக்க வேண்டிய குளிர் 2 முதல் 8 டிகிரி. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு சரியான இடம். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடேறும். வெளியே சில வாரம் வைக்கலாம் என்று மருந்தோடு வரும் காகிதத்தில் போட்டிருப்பது உண்மைதான். எத்தனை நாள் என்பது பிராண்டுக்கு பிராண்ட் மாறும். ஆனால் அந்தச் சலுகை 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்துக்கு மட்டும்தான். வேலூரை நாமே வெயிலூர் என்கிறோம். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஓட்டு வீட்டிலும் மொட்டை மாடிக்குக் கீழ் அறையிலும் ‘அறை வெப்பம்’ என்பது 30-க்குள் நிற்காது. ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போவது, பஸ்ஸில் ஜன்னலோரப் பையில் வைத்துச் சென்னை போவது எல்லாம் மருந்தைக் கெடுக்கும். ஐஸ் பையில் எடுத்துப் போங்கள், ஆனால் ஐஸும் பேனாவும் ஒட்டாமல் நடுவில் ஒரு துணி சுற்றுங்கள். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

அடுத்த தவறு அவசரம். வெகோவி, ஓசெம்பிக் ஊசிகளில் இருக்கும் செமாகுளூடைடு மருந்தின் பாதி அளவு உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், மவுஞ்சாரோவில் இருக்கும் டிர்செபடைடுக்கு ஏறக்குறைய ஐந்து நாள். வாரம் ஒரு ஊசி போதும் என்பதற்குக் காரணம் இதுதான். போன வாரத்து மருந்து மிச்சமிருக்கும்போதே இந்த வாரத்து மருந்து சேர்கிறது. அதனால்தான் வெகோவியை 0.25 மில்லிகிராமிலும் மவுஞ்சாரோவை 2.5 மில்லிகிராமிலும் ஆரம்பித்து, ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு வாரம் அதே டோஸில் வைத்திருக்கிறார்கள். முதல் மாத டோஸ் எடையைக் குறைப்பதற்கல்ல, வயிறு பழகுவதற்கு. ‘ஒரு மாதமாகியும் ஒரு கிலோகூட இறங்கவில்லையே’ என்று தானாகவே டோஸை ஏற்றுபவர்களுக்கு வாந்தி பிடித்தால் அது ஒரு நாளில் நிற்காது. மாத்திரை என்றால் மறுநாள் நிறுத்திவிடலாம். உள்ளே போன ஊசியை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

ஒரு வாரம் மறந்துவிட்டால் அடுத்த வாரம் இரண்டாகப் போடவே கூடாது. மவுஞ்சாரோ என்றால் 4 நாளுக்குள், வெகோவி என்றால் 5 நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். தாண்டிவிட்டால் விட்டுவிட்டு வழக்கமான கிழமையில் போடுங்கள். கிழமையை மாற்ற நினைத்தால் இரண்டு ஊசிக்கு நடுவில் மூன்று நாளாவது இருக்கட்டும். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து விட்டுப்போனால் பழைய டோஸிலேயே மறுபடி ஆரம்பிக்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

பேனா இல்லாமல் குப்பியில் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் மருந்துக்கடைகளில் இன்சுலின் சிரிஞ்ச் இரண்டு வகை உண்டு, 40 என்று போட்டது, 100 என்று போட்டது. அரை மில்லி மருந்து 40-இல் 20-ஆம் கோட்டில் நிற்கும், 100-இல் 50-ஆம் கோட்டில் நிற்கும். மருந்தின் அளவான மில்லிகிராம் வேறு, சிரிஞ்சில் கோடு போட்டிருக்கும் யூனிட் வேறு. முதல் ஊசியை நர்ஸ் முன்னால் நீங்களே இழுத்துக் காட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். ஒரு முறைக்கான குப்பியில் மிச்சம் வைத்து அடுத்த வாரம் போடுவதும், நான்கு டோஸ் முடிந்த பேனாவில் தெரியும் மீதியை உறிஞ்சிப் போடுவதும் வேண்டாம். ஊசி முனை ஒவ்வொரு முறையும் புதிது. புருஷன் பெண்டாட்டியே ஆனாலும் ஒரு பேனாவைப் பகிரக் கூடாது, முனையை மாற்றினாலும் ரத்தம் வழி தொற்று பரவலாம். வயிறு, தொடை என்று போடும் இடத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள்.

அக்கா விஷயத்தில் நான் இன்றும் பயத்தோடு நினைப்பது இரண்டாவது மாதம் நடந்ததை. ஊசியோடு கிளிமிபிரைடு என்ற பழைய சுகர் மாத்திரையையும் அதே அளவில் விழுங்கிக்கொண்டிருந்தாள். பசியே இல்லை என்று ஒரு காலை இரண்டு வாய் கூழோடு எழுந்துவிட்டாள். பதினோரு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சுகர் 58. ஊசி மட்டும் என்றால் சுகர் இப்படி இறங்குவது அரிது. இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ சேர்ந்தால்தான் ஆபத்து. ஊசி எழுதும் அன்றே அவற்றின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள், சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

பசிக்கவில்லை என்பதற்காகச் சாப்பாட்டையே விடுவதும் தவறு. கொழுப்போடு சதையும் கரையும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல் ஏதாவது ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். ஆம்பூர் பிரியாணியை ஒரு கை அளவு ருசி பார்க்கலாம், பழைய அளவில் சாப்பிட்டால் ராத்திரி முழுக்க அவஸ்தைதான். அப்புறம் தண்ணீர். வாந்தி, பேதியோடு இந்த வெயிலும் சேர்ந்தால் சிறுநீரகம் கெடலாம். வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் ரமலான் நோன்பு வைப்பவர்களும், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள்.

மேல்வயிற்றில் விடாத கடுமையான வலி, அது முதுகுக்குப் பரவினால் கணையம் வீங்கியிருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். இதைக் கேஸ் என்று நினைத்து ஓம வாட்டர் குடித்துக் காத்திருக்காதீர்கள். அடுத்த ஊசியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெடுல்லரி எனும் வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்தில் யாருக்கோ இருந்தால் இந்த ஊசி கூடாது. கர்ப்பிணிகளுக்கும் கூடாது. குழந்தைக்குத் திட்டமிட்டால் செமாகுளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். மவுஞ்சாரோ கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கலாம், எனவே ஆரம்பித்த பிறகும் டோஸ் ஏற்றிய பிறகும் நான்கு வாரம் வேறு பாதுகாப்பும் தேவை. சுகரால் கண் பாதித்தவர்கள் முதலில் விழித்திரையைக் காட்டுங்கள்.

ஆபரேஷனுக்கும் எண்டோஸ்கோபிக்கும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வரும் ஊர் நம்முடையது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இந்த ஊசியைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு. இரவெல்லாம் பட்டினி கிடந்தாலும் வயிறு காலியாகாமல் இருக்கலாம், வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம்.

வாட்ஸப்பில் பாதி விலைக்கு வருவதை வாங்காதீர்கள். போலி ஓசெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்தது. டாக்டர் சீட்டு, பில், ஃப்ரிட்ஜ் உள்ள கடை மூன்றும் வேண்டும்.

எடை இறங்கியதும் சட்டென்று நிறுத்துபவர்களுக்கு: செமாகுளூடைடை நிறுத்தியவர்களை ஒரு வருடம் கவனித்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. நிறுத்துவதையும் டாக்டரோடு பேசித்தான் செய்ய வேண்டும்.

போட்டு முடித்த ஊசியைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். நம் தெருக் குப்பையைக் கையால் பிரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அக்கா இப்போது ஒரு கெட்டியான பினாயில் டப்பாவில் சேர்க்கிறாள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடி டேப் சுற்றி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொடுத்துவிட்டு வருகிறாள்.