பனிக்காலத்தில் தேனீப் பெட்டியைத் திறக்காமலே பார்ப்பது எப்படி

டிசம்பர் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை பெட்டியைத் திறந்து, தேனீ கூடு கட்டியிருக்கும் மரச் சட்டங்களை வெளியே எடுக்காதீர்கள். எவ்வளவு கை அரித்தாலும் சரி. நான் டொராண்டோவுக்கு வடக்கே அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தில் சில பெட்டிகள் வைத்திருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் ஒன்ராறியோக் குளிருக்கும், இங்கே எல்லோரும் வளர்க்கும் ஐரோப்பியத் தேனீக்கும்தான் பொருந்தும்.

முதல் வருடம் ஜனவரியில் ஒரு நாள் நல்ல வெயில், மைனஸ் 3 டிகிரி, "ஒரே ஒரு சட்டம்தானே" என்று தூக்கிப் பார்த்தேன். இரண்டு கைப்பிடி அளவு தேனீ அப்படியே பனியில் விழுந்து, நான் குனிந்து அள்ளுவதற்குள் விறைத்துப் போயின. அந்தப் பெட்டித் தேனீக் குடும்பம் வசந்தம் வரை பிழைத்தது. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

குளிர்காலத்தில் தேனீ தூங்குவதில்லை. வெளியே 14 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ராணியை நடுவில் விட்டு எல்லாம் நெருக்கமாக ஓர் உருண்டையாகக் கூடிக்கொள்ளும், அப்புறம் சிறகை அடிக்காமல் பறக்கும் தசையை மட்டும் நடுக்கி நடுக்கிச் சூடு உண்டாக்கும். நடுவில் புழு, அதாவது தேனீக் குஞ்சு, இருந்தால் 35 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும், இல்லாவிட்டால் அதைவிடக் குறைவு. உருண்டையின் வெளித்தோலில் பத்து டிகிரி இருந்தால் பெரிய விஷயம். பெட்டியை அது சூடாக்குவதில்லை, தன் உருண்டையை மட்டும்தான். நீங்கள் சட்டத்தை இழுத்தால் உருண்டை உடையும், இலையுதிர்காலத்தில் பிசின் பூசி அடைத்து வைத்த இடுக்கெல்லாம் விரிந்துவிடும், அந்தக் குளிரில் மறுபடி பூச அவற்றால் முடியாது. ஆகவே வெளியே நின்றே பார்க்கப் பழகவேண்டும்.

காது முதலில். தொப்பியைக் கழற்றி, காதை மேல் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்து, விரல் மொளியால் ஒரு தட்டு. ஒரே தட்டு, கதவு தட்டுவதுபோல் நாலைந்து வேண்டாம். உள்ளேயிருந்து "ஸ்ஸ்உம்" என்று ஒரு முனகல் எழுந்து இரண்டு மூன்று விநாடியில் அடங்கினால் நல்ல சேதி. எழுந்த சத்தம் அடங்காமல் நீண்டு அழுவதுபோல் போனால் ராணி இல்லையோ என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு வேறு ஒன்றும் செய்ய முடியாது. சத்தமே இல்லையென்றால் உடனே செத்தது என்று முடிவு கட்டவேண்டாம், உருண்டை மறுபக்கம் இருக்கலாம், நான்கு பக்கமும் காதை வைத்துப் பாருங்கள். டாக்டர்கள் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப், மலிவானது, இதற்கு மிக நல்லது. மைனஸ் 18-இல் காதை மரத்தில் ஒட்டிப் பார்த்தவன் சொல்கிறேன், வாங்கிவிடுங்கள்.

அடுத்தது எடை. என்னைக் கேட்டால் குளிர்காலச் சோதனையில் முக்கால்வாசி இதுதான். இங்கே ஒரு குடும்பம் குளிரைத் தாண்ட 27 முதல் 36 கிலோ வரை தேன் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தேன் நிரம்பிய பெரிய சட்டம் ஒன்று சுமார் மூன்று கிலோ வரும், ஆக பத்துப் பன்னிரண்டு சட்டம். அனுபவசாலிகள் பெட்டியின் பின்பக்கம் அடிப்பலகைக்குக் கீழே கையைக் கொடுத்து அரை அங்குலம் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தக் கை இன்னும் வரவில்லை. ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் நிறுக்க எல்லார் வீட்டிலும் ஒரு கொக்கித் தராசு இருக்குமே, அதைத்தான் பயன்படுத்துகிறேன். அடிப்பலகையின் ஒரு பக்கத்தில் கொக்கியை மாட்டி லேசாகத் தூக்கினால் ஓர் எண் வரும், எதிர்ப்பக்கமும் அப்படியே, இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட மொத்த எடை. அக்டோபரில் ஒரு தடவை எழுதி வைத்துவிட்டு அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நிறுத்தால் போதும். துல்லியம் தேவையில்லை, எந்தப் பெட்டி வேகமாக இளைக்கிறது என்பதுதான் தேவை.

பலர் ஏமாறுவது இங்கேதான். ஜனவரி எடையைப் பார்த்து "இவ்வளவு இருக்கிறதே" என்று நிம்மதியாகிவிடுவார்கள். ஜனவரிக் கடைசி, பிப்ரவரி வாக்கில் ராணி மறுபடி முட்டையிடத் தொடங்கும், புழுவுக்குச் சூடு வேண்டும், தேன் சரசரவென்று இறங்கும். பட்டினிச் சாவு பெரும்பாலும் பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும்தான் வரும், அதுவும் பூ மலர இன்னும் சில வாரமே இருக்கும்போது.

எடை குறைந்தால் சீனி கொடுக்கலாம். பாகு வேண்டாம். குளிரில் குடிக்காது, குடித்தாலும் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். ஐந்து டிகிரிக்கு மேல் போகும் காற்றில்லாத மதியமாகப் பார்த்து, மேல் மூடியையும் உள் மூடியையும் மட்டும் தூக்கி, சட்டங்களின் தலைமேல் உருண்டைக்கு நேரே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, வெள்ளைச் சீனியைக் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். சீனிக்கு இடம் கிடைக்க இரண்டு அங்குல உயர மரச் சட்டகம் ஒன்றை முன்கூட்டியே செய்து வைத்திருந்தால் எல்லாம் ஒரு நிமிடத்தில் முடியும். பழுப்புச் சீனி, வெல்லம், கருப்பட்டி எதுவும் கூடாது. நமக்கு நல்லதென்று அம்மா சொன்னது சரிதான், ஆனால் மாதக்கணக்கில் வெளியே போகாமல் அடக்கிக்கொண்டிருக்கும் பூச்சிக்கு அது வயிற்றைக் கலக்கிவிடும். கடைத் தேனும் வேண்டாம், புழு அழுகல் நோய்க் கிருமி அதில் வரலாம்.

வாசலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளைத்த கம்பியால் செத்த தேனீயை மெதுவாக இழுத்து வெளியே போடுங்கள், ஐஸ் கட்டியிருந்தால் உடையுங்கள், எலித் தடுப்பு இருக்கிறதா பாருங்கள். புதுப்பனி மூடினால் பதற வேண்டாம், அதன் வழியே காற்று போகும். குளிரைவிட ஈரம்தான் கொல்லும். மூச்சுக்காற்று மூடியில் பட்டுத் தண்ணீராகி உருண்டைமேல் சொட்டினால் ஒரு நல்ல குடும்பமும் தாங்காது. மேலே சிறு வாசல் ஒன்றும், மூடிக்குக் கீழே நுரைப் பலகையும் இருந்தால் போதும்.

பத்து டிகிரிக்குப் போகும் ஒரு நாளில் கட்டாயம் போய்ப் பாருங்கள். கூட்டமாக வெளியே வந்து, பெட்டியைச் சுற்றிப் பனியெல்லாம் மஞ்சள் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பும். முதல் தடவை பார்த்து நோய் என்று பயந்தேன், அது வெறும் கழிவு. முகப்பலகையிலும் வாசலிலும் பழுப்பாக வழிந்திருந்தால்தான் கவலைப்படவேண்டும். பனியில் அங்குமிங்கும் செத்த தேனீ கிடப்பதும் நல்லதே, உள்ளே துப்புரவு நடக்கிறது என்று அர்த்தம்.

எல்லாம் செய்தும் சிலது போகும். 2021-22 குளிரில் கனடா முழுவதும் கிட்டத்தட்ட 45 சதவீதக் குடும்பங்கள் போயின, காரணங்களில் முன்னே நின்றது தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி. உண்ணிக்கு மருந்து ஆகஸ்ட், செப்டம்பரிலேயே போட்டிருக்கவேண்டும், பனியில் நினைத்து என்ன பயன்.

செத்த பெட்டியைத் திறந்து பாருங்கள், அப்போது தடை இல்லை. எனக்கு ஒரு தடவை உள்ளங்கை அகலத்துக்குத் தேனீக்கள் எல்லாம் கூட்டின் மெழுகு அறைக்குள் தலையைப் புதைத்து, வால் மட்டும் வெளியே தெரிய, வரிசை வரிசையாகச் செத்திருந்தன. பட்டினிக்கு அதுதான் அடையாளம். பக்கத்துச் சட்டத்தில் மூடி போட்ட தேன் நிறைய இருந்தது, இரண்டு அங்குலம் தள்ளி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கடுங்குளிரில் சின்ன உருண்டை நகர்ந்து அங்கே போக முடியவில்லை. மாறாக, தேன் இருந்து, தேனீயே சொற்பமாக இருந்து, புழு அறைகளின் மேற்கூரையில் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தால் உண்ணியின் எச்சம் அது.

பார்த்து முடித்ததும் அன்றே வாசலை டேப் போட்டு அடையுங்கள். அடுத்த வெயில் நாளில் மற்றப் பெட்டித் தேனீக்கள் அந்தத் தேனைக் கொள்ளையடிக்க வந்துவிடும், அங்கே நோய் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகும்.