கல்லாவில் இடுப்பு வலி: சரியான விதம்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடையில் தினமும் 10 மணி நேரம் கல்லாவில் நிற்கிறேன். சாயங்காலம் இடுப்பு கழன்றுவிடும். கணுக்காலில் சாக்ஸ் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும். ரப்பர் பாய் போட்டேன், பாதத்துக்கு மட்டும் இதம். சாதாரண ஸ்டூலில் மேசை உயரமாகித் தோள் வலித்தது. அப்புறம் பாதி நின்று பாதி சாய்கிற உயர ஸ்டூல். மூன்று நாளாகியும் வலி அப்படியே.

நான்காம் நாள்தான் கவனித்தேன்: மேசையின் முன்பலகை தரைவரை இறங்கியிருந்தது. கால்விரல் நுழைய இடமில்லை. அதனால் ஒரு சாண் தள்ளியே சாய்ந்து, ஸ்கேனரை எட்ட முதுகை வளைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியிடம் சொல்லி அடியில் 12 சென்டிமீட்டர் பலகையை அறுத்தெடுத்தோம். முழங்காலைவிட இடுப்பு மேலே இருக்கும்படி ஸ்டூலையும் ஏற்றினேன். இரண்டே நாளில் வலி விட்டது, அப்பாடா! அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடக்கிறேன். ஸ்டூல் இருந்தாலும் அது வேண்டும்.