கறிக்கத்திக்கு ஏற்ற இரும்பு

வீட்டில் இருந்த கறிக்கத்தி எத்தனை முறை சாணை பிடித்தாலும் பாதி வேலையிலேயே மழுங்கிவிடும். கிரைண்டரில் லேசாகப் பிடித்துப் பார்த்தேன். பொறி நீளமாகப் பறந்தது, நுனியில் கிளை வெடிக்கவே இல்லை. அப்படியென்றால் கரிமம் குறைந்த சாதா இரும்பு. இதைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தாலும் கடினமாகாது.

சரி, நானே ஒன்று செய்துவிடலாம் என்று இரும்பு தேடினேன். பாத்திரம் செய்யும் 304 ரக எவர்சில்வரும் தோய்த்தால் கடினமாகாது. டி2 என்ற கருவி எஃகுத் தகடு அருமையானதுதான், ஆனால் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சீரான சூடு கேட்கும். கரி உலையில் அது நடக்காது. கடைசியில் பழைய இரும்புக் கடையில் கமான் பட்டை, அதாவது வண்டியின் அடியில் அதிர்வு தாங்கும் வளைந்த ஸ்பிரிங் பட்டை, எடுத்தேன். பொதுவாக 0.5 முதல் 0.6 சதவீதம் கரிமம் இருக்கும்; தோய்த்தால் கடினமாக அது போதும். லாரிப் பட்டை ரொம்பத் தடிமன், தேய்த்தே கை ஓய்ந்துவிடும்; சின்ன வண்டியின் பட்டையே போதும்.

ஓடிக் களைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினால் விரிசல் உள்ள இடத்தில் ஈரக்கோடு எழும். அப்படி எழுந்த துண்டை ஒதுக்கிவிட்டு, நல்ல பகுதியில் வடிவம் வெட்டினேன்.

காந்தம் ஒட்டாத அளவு சிவந்ததும் இன்னும் கொஞ்சம் சூடாக்கி, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்த்தேன். தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கலாம். அரம் போட்டால் வழுக்கியது; கடினமாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஓவனில் 200 டிகிரியில் 2 மணி நேரம். இதைச் செய்யாவிட்டால் கண்ணாடி போல உடையும்.

இப்போது ஒரு முழு ஆட்டை முடித்த பிறகும் கூர் நிற்கிறது. துரு ஏறும் இரும்பு என்பதால் கழுவியதும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன்.