நல்ல ஆசிரியர், மழலையர் மையப் பொறுப்பாளராகப் பழகுவது எப்படி?

வகுப்பில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த ஆசிரியரைத்தான் பெரும்பாலும் மையத்துக்குப் பொறுப்பாளராகப் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் வேலை அடியோடு மாறிவிடுகிறது. அதுவரை குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர், இனிமேல் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களைக் கவனிக்க வேண்டும். அதனால் புதிதாகப் பழக வருகிறவர்களிடம் நான் கணக்கு நோட்டை முதலில் கொடுப்பதில்லை. வகுப்பின் ஒரு மூலையில் 20 நிமிடம் உட்காரச் சொல்வேன்.

அங்கே கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுதுங்கள். ‘ஆசிரியர் பொறுமையானவர்’ என்பது உங்கள் அபிப்பிராயம். ‘பையன் அழுதான், ஆசிரியர் மண்டியிட்டு அவன் முகத்துக்கு நேராக வந்து, கட்டைக் கோபுரம் சரிந்துவிட்டதா என்று கேட்டார்’ என்பதுதான் குறிப்பு. நேரத்தையும் ஓரத்தில் போட்டுக்கொள்ளுங்கள், அது பிறகு உதவும்.

எப்படி என்று சொல்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் தள்ளுமுள்ளு. பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்கிறார் ஆசிரியர். உங்கள் குறிப்பிலோ, கைகழுவும் வரிசையில் கடைசிக் குழந்தை 8 நிமிடம் சும்மா நின்றது என்று இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. இப்போது உங்களுக்கு வழி தெரிந்துவிட்டது. ஆனாலும் உடனே சொல்லிவிடாதீர்கள். அதே வாரத்தில், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, குறிப்பை அவர் முன் வைத்து, “இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?” என்று கேளுங்கள். நான்கு நான்கு பேராக அனுப்பலாம், மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கலாம் என்று அவரே சொன்னால் அந்த மாற்றம் நிலைக்கும். நீங்கள் சொன்னால் நீங்கள் பார்க்கும்போது மட்டும் நடக்கும்.

இந்தச் சந்திப்பைத் தேதி போட்டுத் தவறாமல் நடத்துங்கள். பிரச்சினை வந்தால் மட்டும் கூப்பிடுகிற பொறுப்பாளரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

அடுத்தது ஆள் கணக்கு. சிறு குழந்தைகளின் கல்விக்கான அமெரிக்க தேசியச் சங்கமான என்.ஏ.இ.ஒய்.சி. (NAEYC), கைக்குழந்தைகள் 4 பேருக்கு ஒரு பெரியவர், நான்கு வயதுக் குழந்தைகள் 10 பேருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் எதைச் சொல்கிறதோ அதைத்தான் நீங்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும். அப்புறம் ஒரு நாளை அரைமணி அரைமணியாகத் தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை குழந்தை, எத்தனை ஆள் என்று நிரப்புங்கள். காலையில் திறக்கும் நேரம், ஆசிரியர்கள் சாப்பிடப் போகும் நேரம், மாலைக் கடைசி ஒரு மணி நேரம், இந்த மூன்றிலும்தான் ஆள் போதாமல் போகும். பட்ஜெட்டும் இதே தாளிலிருந்துதான் பிறக்கிறது, ஏனென்றால் செலவில் பெரும் பங்கு சம்பளம்.

பெற்றோரிடம் பேசுவதை வாய்விட்டு ஒத்திகை பார்க்க வேண்டும். ஒத்திகைக்கு நான் எப்போதும் கொடுப்பது, ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைக் கடித்துவிட்ட சம்பவம். இரண்டு வயதில் சகஜம், ஆனால் பெற்றவர்களுக்கு அது சகஜமில்லை. “உங்கள் மகள் முன்கையில் இன்னொரு குழந்தை கடித்த தடம் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி வைத்தோம். தோல் கிழியவில்லை.” இவ்வளவையும் அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். யார் கடித்தது என்று கேட்பார்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும் பெயர் சொல்லக் கூடாது. அந்தக் குழந்தையும் உங்கள் பொறுப்புதான்.

நிர்வாகத்தை அளந்து பார்க்கத் தனிக் கருவிகள் உண்டு. வகுப்பறைச் சூழலுக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று என்று 1 முதல் 7 வரை மதிப்பிடும் அளவுகோல்கள் புழக்கத்தில் உள்ளன. ஆசிரியர்களை வரிசைப்படுத்த அவற்றை எடுக்காதீர்கள், பயம்தான் மிஞ்சும். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, குறைவாக வந்த ஒரே ஒரு பகுதியை அடுத்த சில மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி வகுப்பில் சேருவதாக இருந்தால் ஒன்றைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்: அனுபவமுள்ள பொறுப்பாளர் ஒருவர் உங்கள் மையத்துக்கே வந்து, நீங்கள் ஒரு ஆசிரியரோடு பேசுவதைக் கூட உட்கார்ந்து பார்ப்பாரா? இல்லை என்றால் வேறு பயிற்சி தேடுங்கள்.