லாந்தனம் மாங்கனைட்: அணு அமைப்பையும் காந்த ஒழுங்கையும் சேர்த்து ஆராய்வது எப்படி?

பாடநூல் காட்டும் அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டமைப்பு), கோடிக்கணக்கான கூடுகளின் சராசரி. அந்தச் சராசரி ஒவ்வோர் அணுவின் அருகிலும் நடப்பதை மறைத்துவிடக்கூடும். காந்த ஒழுங்கைத் தீர்மானிப்பதோ அந்த அண்மை அமைப்புதான். ஆகவே இரண்டையும் தனித்தனியே பார்த்துப் பழகுங்கள். தொடக்க நிலையினருக்கு இதைக் கற்றுத்தர, லாந்தனம், மாங்கனீசு, ஆக்சிஜன் சேர்ந்த படிகமான லாந்தனம் மாங்கனைட்டைவிடச் சிறந்த பொருளை நான் கண்டதில்லை.

படி 1: மாதிரி

காற்றில் சுட்டுத் தயாரித்தால் ஆக்சிஜன் விகிதம் கூடிவிடும். மூன்று மின்னூட்டமுள்ள மாங்கனீசு அயனிகளில் ஒரு பகுதி நான்கு மின்னூட்டத்துக்கு மாறும். காந்தப் பண்பே ஃபெர்ரோ காந்தத்தின் (அணுக்களின் சிறு காந்தங்கள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும் நிலை) பக்கம் சாய்ந்துவிடும். மந்த வாயுவில் மீண்டும் சூடாக்கிச் சரிசெய்த பிறகே அளவீட்டுக்குப் போங்கள்.

படி 2: சராசரி அமைப்பு

நியூட்ரான் தூள் விளிம்பு விளைவுத் தரவை (தூளாக்கிய மாதிரியில் நியூட்ரான்கள் சிதறித் தரும் முகடுகளின் பதிவு) 1969 இல் வெளியான ரீட்வெல்ட் முறையில், அதாவது கணக்கிட்ட வடிவம் முழுப் பதிவோடும் ஒத்துவரும்வரை அமைப்பைத் திருத்தி, பொருத்துங்கள். ஃபுல்ப்ராஃப், ஜிசாஸ் ஆகிய மென்பொருள்களில் எதுவும் போதும். அறை வெப்பநிலையில் கூட்டின் பக்கங்கள் சுமார் 5.53, 5.74, 7.69 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என வரும். ஒவ்வொரு மாங்கனீசையும் ஆறு ஆக்சிஜன்கள் எண்முகியாகச் சூழ்ந்திருக்கும். பிணைப்பு நீளங்கள் இரண்டிரண்டாக 1.91, 1.97, 2.18 ஆங்ஸ்ட்ராம். இந்த நீட்சிதான் யான்–டெல்லர் திரிபு.

சுமார் 750 கெல்வினைத் தாண்டினால் ஆறு நீளங்களும் ஏறக்குறைய சமமாகிவிடும். திரிபு மறைந்துவிட்டது என்று இங்கே முடிவு கட்டிவிடாதீர்கள்.

படி 3: அண்மை அமைப்பு

கூர்முகடுகளுக்கு இடையே பரவிக்கிடக்கும் மங்கலான சிதறலையும் சேர்த்து ஃபூரியர் மாற்றம் செய்தால், அணு ஜோடிகளின் தொலைவுகளைக் காட்டும் இணைப் பரவல் சார்பு கிடைக்கும். முதலில் பார்ப்பவரை இது திகைக்க வைக்கும்: மாங்கனீசு–ஆக்சிஜன் தொலைவில் மேடு வராது, பள்ளம்தான் வரும். மாங்கனீசின் நியூட்ரான் சிதறல் நீளம் (அணுக்கரு நியூட்ரானை எவ்வளவு வலிமையாக, எந்தக் குறியோடு சிதறடிக்கிறது என்ற அளவு) −3.73 ஃபெர்மி, ஆக்சிஜனுக்கு +5.80. பெருக்கினால் எதிர்க்குறி. தரவில் பிழை எதுவும் இல்லை.

அந்தப் பள்ளத்தின் வடிவத்தை நிதானமாகப் பாருங்கள். நீண்ட பிணைப்புக்கான பகுதி 750 கெல்வினுக்கு மேலும் தென்படும். எண்முகிகள் திரிந்தேதான் இருக்கின்றன. குலைந்தது, அவை நெடுந்தொலைவுக்கு ஒரே முறையில் அடுக்கப்பட்டிருந்த ஒழுங்கு. பொருத்தும் தொலைவின் மேல் எல்லையைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் திரிபு எந்த அளவில் கரைகிறது என்பது தெரியும்.

படி 4: காந்த ஒழுங்கு

நீல் வெப்பநிலை, அதாவது எதிர்த்திசைக் காந்த ஒழுங்கு எதற்குக் கீழே தோன்றுமோ அந்த வெப்பநிலை, சுமார் 140 கெல்வின். அதற்கு மேலும் கீழும் எடுத்த தரவுகளைக் கழித்துப் பாருங்கள். கோணம் கூடக் கூட காந்தச் சிதறல் தேய்வதால் சிறு கோணங்களில்தான் தேட வேண்டும். கூட்டின் உயரமான 7.69 ஆங்ஸ்ட்ராம் இடைவெளிக்குரிய முகடு (001 என்று குறிப்பார்கள்) அங்கே எழும். சமச்சீர் விதிப்படி அணு அமைப்பு அந்த முகட்டைத் தர முடியாது. எனவே அது முழுக்கக் காந்தத்தினுடையது. அதன் பொருள்: ஒரு தளத்துக்குள் காந்தத் திருப்புத்திறன்கள் (அணுக்களின் சிறு காந்தங்கள்) ஒரே திசையில், அடுத்த தளத்தில் எதிர்த்திசையில். 1955 இல் வோலன், கோலர் என்ற ஆய்வாளர்கள் இந்த அடுக்குமுறைக்கு ஏ வகை என்று பெயரிட்டார்கள். கூட்டின் உயரத்துக்குள் ஏற்கெனவே இரண்டு மாங்கனீசுத் தளங்கள் இருப்பதால் காந்த ஒழுங்குக்கெனப் பெரிய கூடு தேவையில்லை.

படி 5: இரண்டையும் இணைத்தல்

நீண்ட பிணைப்புகள் தளத்துக்குள்ளேயே திசை மாறி மாறி அமைகின்றன. எலக்ட்ரான் சுற்றுப்பாதைகளின் இந்த மாற்று அடுக்கே தளத்துக்குள் ஒரே திசையையும் தளங்களுக்கிடையே எதிர்த்திசையையும் தருகிறது. நீல் வெப்பநிலைக்குக் கீழ் இணைப் பரவல் சார்பைப் பொருத்தும்போது அகன்ற அலை ஒன்று எஞ்சும். அதை இரைச்சல் என்று ஒதுக்காமல் காந்தப் பகுதியாக மாதிரியில் சேருங்கள்.