காய்கறி கேசரோலில் தண்ணீர் தேங்காமல் இருக்க

சுக்கினி (வெள்ளரிக்காய் போலிருக்கும் பூசணி வகைக் காய்), கத்தரிக்காய் போன்ற நீர்க்காய்களைக் கேசரோலில் (சாஸ், சீஸ் சேர்த்து ஓவனில் வேகவைக்கும் உணவு) சேர்க்கும் முன் வில்லைகளாக நறுக்கி, அரை கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு பிசிறி, 20 நிமிடம் வடிதட்டில் வையுங்கள். அப்புறம் துணியில் சுற்றி நன்றாக அழுத்திப் பிழியுங்கள். சுக்கினியில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். உப்பு அதில் ஒரு பகுதியை முன்பே வெளியே இழுத்துவிடும்; இல்லையென்றால் ஓவன் சூட்டில் அது சாஸுக்குள் இறங்கி, சீஸ் மேலே, தண்ணீர் அடியில் என்று பிரிந்து நிற்கும். பிழியும்போது கிண்ணத்தில் சேருவதைப் பார்த்தாலே புரியும்.

சாஸில் உப்பைக் கட்டாயம் குறையுங்கள், மறந்தால் கரிக்கும்.

உருளைக்கிழங்கு, கேரட்டுக்கு இது தேவையில்லை. உறையவைத்த கீரைக்கும் உப்பு வேண்டாம். உறையும்போதே அதன் செல்கள் உடைந்துவிடுவதால், உருகியதும் வெறுமனே பிழிந்தால் சரி.